தீவுகளுக்குப் புறப்படுமுன்



சென்ற திங்களில் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலியை முடித்துத் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். எம் பங்கைச் சேர்ந்த குடும்பமொன்று கோயிலின் பின்னறை வாயிலில் வந்து நின்றது. எழுபத்தாறு வயதான பெரியவர், அவருடைய துணைவியார், வெளிநாட்டில் பணிபுரியும் மூத்த மகன், அவன் மனைவி, இரு பிள்ளைகள். வரும் ஆண்டு அம்முதியோரின் திருமணப் பொன்விழா. அதனை ஒட்டி, பெற்றோரை எங்கேனும் அழைத்துச் சென்று மகிழ்விக்க வேண்டுமென்பது மகனின் நெடுநாள் ஆவல். பிலிப்பைன்சு நாட்டுத் தீவுகளை அவன் தேர்ந்திருந்தான். அந்நாட்டிற்கு நான் ஒருமுறை சென்று வந்தவன் என்பதை அறிந்து, தன் பயணத் திட்டத்தை என்னிடம் காட்ட வந்திருந்தான்.

திட்டம் அழகாக அச்சிடப்பட்டிருந்தது. எட்டு நாள், ஐந்து தீவுகள். செபு, சியார்காவ், கமிகின், போஹோல், சிகிஹோர். ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணி தொடங்கி இரவு பத்து மணி வரை கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு, ஒரு கட்டமும் வெறுமையின்றி நிரப்பப்பட்டிருந்தது. அருவி, குகை, பவளப்பாறை, சந்தை, கோயில், மீண்டும் அருவி. இவ்வளவையும் தேடித் தொகுத்த அவனது உழைப்பை நான் மெய்யாகவே வியந்தேன். அப்பொழுது தாயார் அத்தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "சாமி, இதில் ஞாயிற்றுக்கிழமை எது?" என்று கேட்டார்கள்.

மகன் நகைத்தான். நானும் நகைத்தேன். ஆனால் பெரியவர் நகைக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியும் அந்த முழங்காலும் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. இத்தகைய திட்டம் ஒன்றை நானும் ஒருகாலத்தில் வகுத்தேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார். இதுவரை இப்பக்கத்தில் எழுதாத அச்செய்தியை இம்முறை எழுதிவிடுவதே நன்று.

சில ஆண்டுகளுக்கு முன், மணிலாவில் நடைபெற்ற மேய்ப்புப்பணிப் பயிற்சி ஒன்றிற்கு யானும் வேறு இரு குருக்களும் சென்றிருந்தோம். சனவரித் திங்கள். பயிற்சி முடிந்தபின் ஐந்து நாள்கள் எஞ்சின. 7,641 தீவுகளைக் கொண்ட நாட்டில் ஐந்து நாள்! நான்கு தீவுகளையாவது பார்த்துவிட வேண்டுமெனக் கணக்கிட்டவன் யானே. கணக்கு மிகச் செம்மையாக இருந்தது. கடைசி நாள் காலை சிகிஹோர்த் தீவிலிருந்து துமகேத்தே நகருக்குப் படகு, நண்பகலில் அங்கிருந்து மணிலாவுக்கு விமானம், அன்றிரவே தாயகம். ஒருநாள் இடைவெளிக்குப்பின், எம் பங்கின் உபதேசியாருடைய மகளின் திருமணம். அதனை நானே மந்திரிப்பதாக வாக்களித்திருந்தேன். அப்பெண்ணுக்கு முதல் நற்கருணை வழங்கியவனும் நானே.

கடைசி நாள் காலை துறைமுகத்திற்குச் சென்றோம். வானம் தெளிந்திருந்தது, வெயில் பளிச்சென்று அடித்தது. ஆனால் வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்தது. வடகிழக்குப் பருவக்காற்று வலுத்திருப்பதால் கடலோரக் காவற்படை கலங்களை நிறுத்திவிட்டதாக அறிவிப்புப் பலகை கூறியது. தலைக்குமேல் வெயிலிருக்கக் கடலில் என்ன ஆபத்து என்று அங்கிருந்த இளம் அலுவலரிடம் வாதிட்டேன். திருமணத்தைச் சொன்னேன்; விமானத்தைச் சொன்னேன்; குரு என்பதையும் சொன்னேன். நான் சொன்னவற்றுள் இதுவே எனக்கு இன்றும் நாணம் தருகிறது. அவர் என் கையை எடுத்துத் தம் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அது மூத்தோரிடம் ஆசி பெறும் அந்நாட்டு வழக்கம். பின்பு மிகுந்த மரியாதையோடு, "நாளை பாருங்கள், தந்தையே" என்றார்.

எம்மைச் சூழ்ந்து அந்நாட்டு மக்கள் நூறு பேருக்கு மேல் காத்திருந்தனர். அவர்களுக்கும் வேலை உண்டு, மருத்துவமனை உண்டு, பள்ளி உண்டு. ஒருவரேனும் அந்த அலுவலரிடம் வாதிடவில்லை. தென்னங்குருத்தைப் பின்னிய சிறு கூடுகளில் வேகவைத்த சோற்றை எடுத்துப் பகிர்ந்துண்டனர். 'பூசோ' என்பது அதன் பெயர். எங்களுக்கும் கொடுத்தனர். அவர்களுடைய பொறுமையை அப்பொழுது நான் சோம்பல் என்றே எண்ணினேன். பின்னரே அதன் காரணம் விளங்கிற்று. 1987 டிசம்பர் 20 அன்று, கிறிஸ்து பிறப்புவிழாவுக்காக மணிலா நோக்கிச் சென்றவர்களை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு வந்த 'தோன்யா பாஸ்' என்னும் கப்பல், எண்ணெய்க் கப்பலொன்றோடு மோதித் தீப்பற்றியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்த பயணிகள் முப்பது பேர்கூட இல்லை. போர்க்காலம் அல்லாத நாளில் நிகழ்ந்த கடல் விபத்துகளுள் அதனினும் கொடியது வரலாற்றில் இல்லை. அத்தகைய துயரைச் சுமந்த மக்களுக்குப் பூட்டிய வாயிற்கதவு தொல்லையாகத் தோன்றாது, காவலாகவே தோன்றும்.

ஒன்றரை நாள் கழித்தே படகு புறப்பட்டது. விமானம் போய்விட்டது, வேறு சீட்டு வாங்கிப் பங்கை அடைந்தபோது திருமண நாளின் மாலை. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பங்குக் குருவானவர் வந்து திருமணத்தை நிறைவேற்றி வைத்திருந்தார். மணப்பெண் கோயில் வாயிலில் அரைமணி நேரம் எனக்காகக் காத்திருந்தாளாம். உபதேசியார் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "தோத்திரம், சாமி. பத்திரமாக வந்து சேர்ந்தீர்களே, அதுவே போதும்" என்றார். அவர் கடிந்துகொண்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். என் பயணக் கணக்கில் மணிகளுக்கு இடமிருந்தது, மைல்களுக்கு இடமிருந்தது, கட்டணங்களுக்கு இடமிருந்தது. கடலுக்கு மட்டும் இடமில்லை. கடல் இடங்கொடாத நாளில் யாருக்கு என்ன இழப்பு நேரும் என்னும் நினைவுக்கும் இடமில்லை.

எனவேதான், அக்குடும்பத்தை மறுநாள் மாலை பங்கு இல்லத்திற்கு வரச்சொல்லி, அத்தாளை மேசையில் விரித்து வைத்தேன். நாங்கள் பேசியவற்றைச் சுருக்கி இங்கே தருகிறேன். வேறு தீவுகளுக்குச் செல்ல எண்ணுவோர்க்கும் அது பயன்படக்கூடும்.

முதலாவது, நாள்களை மெய்யாக எண்ணுதல் வேண்டும். நம் ஊர்களிலிருந்து அந்நாட்டுக்குச் செல்வோர் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற இடங்களில் விமானம் மாறியே செல்கின்றனர். ஆதலின் எட்டு நாளில் போவதற்கொன்றும் வருவதற்கொன்றும் கழிந்துபோகும், எஞ்சுவது ஆறு. படகு இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடும் என்று தாளில் எழுதிவிடுவது எளிது. ஆனால் அறையைக் காலி செய்து, மூட்டை கட்டி, துறைமுகம் சேர்ந்து, துறைக் கட்டணம் செலுத்தி, பெட்டிகளைச் சோதனைக்கு வைத்து, காத்திருந்து, ஏறி, இறங்கி, மறுகரையில் வண்டி பிடித்துத் தங்குமிடம் சேருமுன் அரைநாள் முடிந்துவிடும். மகனுடைய திட்டத்தில் தீவுவிட்டுத் தீவு மாறுதல் ஐந்துமுறை இருந்தது. அஃதாவது ஆறு நாளில் இரண்டரை நாள், துறைமுகங்களின் நெகிழி நாற்காலிகளில். "தம்பி, நீ பெற்றோருக்குத் தீவுகளைக் காட்டப் போகிறாயா, காத்திருப்புக் கூடங்களைக் காட்டப் போகிறாயா?" என்று கேட்டேன்.

இரண்டாவது, காலமறிதல். அந்நாட்டு மக்கள் காற்றுக்கு இரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்கிலிருந்து வீசுவது 'அமிகான்'. சூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்கிலிருந்து மழையோடு வருவது 'ஹபாகாட்'. ஆண்டுதோறும் சராசரியாக 20 வெப்பமண்டலப் புயல்கள் அந்நாட்டுக் கடற்பரப்பினுள் நுழைகின்றன. சூலை முதல் அக்டோபர் வரையே மிகுதியெனினும், பின்பு வருபவை சில வேளைகளில் கொடியவை. 'யோலாண்டா' என அங்கு அழைக்கப்பட்ட பெரும்புயல் கரையேறியது 2013 நவம்பர் 8 அன்று. 'ஒடெட்' புயல் சியார்காவ், போஹோல், செபு ஆகிய தீவுகளைச் சிதைத்தது 2021 டிசம்பர் 16 அன்று. அன்றுதான் அம்மக்கள் கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாக ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலியைத் தொடங்கும் நாள். புயல் எச்சரிக்கையின் முதல் எண் ஏற்றப்பட்டாலே அப்பகுதியில் பயணிகள் கலங்கள் பொதுவாக நிறுத்தப்படும். ஆகவே பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரையே ஓரளவு நம்பத்தக்க காலம். அதனுள்ளும் புனித வாரத்தைத் தவிர்ப்பது நலம். அவ்வாரத்தில் நாடே சொந்த ஊர்களுக்குப் பெயர்கிறது, படகில் இடம் கிடைப்பது அரிது. சனவரி மூன்றாம் ஞாயிறன்று செபுவில் நிகழும் குழந்தை இயேசுவின் 'சினுலோக்' பெருவிழா கண்கொள்ளாக் காட்சியே. ஆயினும் முழங்கால் வலியுள்ள முதியவரைப் பல இலட்சம் பேர் திரளும் வீதிக்கு அழைத்துச் செல்லல் தகாது.

காலத்தை மதியாமல் கடலேறியவர்களைப் பற்றித் திருத்தூதர் பணிகள் நூல் ஓர் அதிகாரம் முழுவதும் சொல்கிறது. நோன்பு நாள் கடந்துவிட்டது, இனிக் கடற்பயணம் இடரானது என்று பவுல் கிரேத்துத் தீவின் துறையில் எச்சரித்தார். நூற்றுவர் தலைவனோ மாலுமியையும் கப்பல் உரிமையாளனையும் நம்பினான். குளிர்காலத்தைக் கழிக்க வசதியான வேறு துறைக்குப் போய்விடலாம் என்பது அவர்கள் கணக்கு. பதினான்கு இரவு அலைக்கழிந்து, கப்பலை இழந்து, 276 உயிர்களும் மால்தா கரையில் ஒதுங்கின. இறைவன் காத்தார் என்பது உண்மை. ஆனால் காலமறிந்து தங்குவதும் இறைநம்பிக்கையே என்பது அதனினும் குறைந்த உண்மையன்று.

மூன்றாவது, யாரோடு செல்கிறோம் என்பதை மறவாமை. சிறு தீவுகளுக்குச் செல்லும் 'பங்கா' என்னும் படகுகள் மெலிந்த உடலும் இருபுறமும் மூங்கில் தாங்கிகளும் கொண்டவை. பல இடங்களில் முழங்கால் அளவு நீரில் நடந்து, ஒரு பலகைமேல் கால்வைத்தே ஏறவேண்டும். இளைஞர்க்கு அது விளையாட்டு. பெரியவர்க்கு அது சோதனை. பெருந்தீவுகளுக்கிடையே ஓடும் விரைவுக் கலங்கள் எளியவை. அவற்றுட் பல இரட்டை உடல் கொண்ட 'கட்டமரன்' வகையைச் சார்ந்தவை. உலகமெல்லாம் வழங்கும் இச்சொல் நம் கட்டுமரத்திலிருந்து பிறந்ததென்று சொன்னதும் பெரியவர் முகத்தில் முதன்முறையாகப் புன்னகை தோன்றியது. அவர் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தவர். அக்கலங்களின் குளிரூட்டிய அறையில் குளிர் மிகுதி; முதியோர்க்குச் சால்வை கட்டாயம். வயிறு புரட்டுவோர் நடுப்பகுதியில், பின்பக்கமாக அமர்வது நல்லது. பொதுவாகக் காலைக் கடல் மாலைக் கடலினும் அமைதியானது. முதல் படகில் செல்வதே அறிவு. அன்றைய படகு தவறினாலும் அதற்கடுத்தது இருக்கும். நான் சென்ற கலத்தில், புறப்படுமுன் பாதுகாப்பு விளக்கத்தோடு ஒரு செபமும் சொல்லப்பட்டது. உயிர்காப்பு அங்கியைக் காட்டிவிட்டுச் செபித்தார்கள். அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

நான்காவது, திரும்பும் விமானம் எந்தத் தீவிலிருந்து புறப்படுகிறதோ, கடைசி இரவை அந்தத் தீவிலேயே கழித்தல். இதை என்னுடைய நாணத்திலிருந்து சொல்கிறேன். கடைசி நாள் காலைப் படகையும் அன்றைய விமானத்தையும் ஒரே நூலில் கோக்கக் கூடாது.

சில சிறு குறிப்புகள். இந்தியக் குடிமக்கள் சுற்றுலாவுக்காக 14 நாள் வரை நுழைவுச்சான்றின்றித் தங்க அந்நாடு 2025ஆம் ஆண்டில் இசைவளித்தது. கடவுச்சீட்டு, திரும்புஞ்சீட்டு, தங்குமிடச் சான்று ஆகியன வேண்டும். வந்துசேருமுன் மூன்று நாளுக்குள் மின்வழியாகப் பயணப் பதிவும் செய்தல் வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, சீட்டு வாங்குமுன் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்க. சிறு தீவுகளில் பணம் வழங்கும் இயந்திரங்கள் அரிது; சிறு நோட்டுகளாகப் பெசோ கையிலிருக்க வேண்டும். முதியோரின் மருந்து மூன்று நாளுக்குரியது மிகுதியாக, அதுவும் கைப்பையில், இருத்தல் வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட மகன் சற்றே வாட்டமுற்றான். "சாமி, இவ்வளவு செலவு செய்து போய் இரண்டே தீவுகளா? ஐந்து தீவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேனே!" என்றான். அவன் வருத்தம் நியாயமானதே. அவன் ஆண்டு முழுதும் உழைத்துச் சேர்த்த பணம். பெற்றோரோடு இனி எத்தனை பயணம் வாய்க்குமோ என்னும் அச்சமும் அதனுள் இருந்தது. நேரம் குறைவு என்று அஞ்சுகிறவனே கட்டங்களை நெருக்கி நிரப்புகிறான்.

அப்பொழுது அவனிடம் வரைபடத்தைக் காட்டினேன். செபுவின் விமான நிலையமே செபுத் தீவில் இல்லை. மக்தான் என்னும் தனித் தீவில் இருக்கிறது. 1521 ஏப்ரல் 27 அன்று மகெல்லன் போரில் வீழ்ந்த தீவு அது. இறங்கிய இடமே முதல் தீவு. பாலத்தைக் கடந்தால் செபு, இரண்டாவது. அங்கிருந்து விரைவுக் கலத்தில் இரண்டு மணி நேரம், தக்பிலரான் துறை. அது போஹோல், மூன்றாவது. தக்பிலரானிலிருந்து பாலம் வழியே பங்லாவ், நான்காவது. வெண்மணற் கரை அங்கேதான். பங்லாவின் கரையிலிருந்து சிறுபடகில் பலிகசாக், ஐந்தாவது; பவளப்பாறைகளும் ஆமைகளும் உள்ள சிறு தீவு. "ஐந்தும் வந்துவிட்டனவே!" என்று பேரப்பிள்ளை கைதட்டினான். பெருங்கடற்பயணம் போக ஒன்று, வர ஒன்று; அவ்வளவே.

இனி ஞாயிற்றுக்கிழமை. அதை முதலில் எழுதினோம். சனி இரவு புறப்பட்டால் ஞாயிறு பிற்பகல் செபு சேரலாம். மாலையில் குழந்தை இயேசு பேராலயத்தில் திருப்பலி. 1521 ஏப்ரல் 14 அன்று செபுவின் தலைவர் ஹுமபோனும் அவர் துணைவியும் திருமுழுக்குப் பெற்றனர். யுவானா என்று பெயரேற்ற அவ்வம்மையாருக்கு அன்று கொடுக்கப்பட்ட குழந்தை இயேசுவின் சுரூபமே இன்றும் அங்கு வணங்கப்படுகிறது. 44 ஆண்டுகளுக்குப் பின், 1565இல், லெகாஸ்பியின் படை ஊரை எரித்தபோது, ஒரு வீட்டில் ஒரு பெட்டிக்குள் அது சிதையாது கிடைத்தது. குருக்கள் எவரும் இல்லாத நாலு பத்தாண்டு அம்மக்கள் அதனைப் பேணி வைத்திருந்தார்கள். இதைக் கேட்டுத் தாயார் கைகூப்பினார்கள்.

திங்கள் நண்பகல் போஹோல். செவ்வாய் காலை பக்லயோன் கோயில். அங்கு 1596இல் சேசுசபையினர் வந்திறங்கினர். கடற்பவளக் கல்லால் எழுப்பிய இன்றைய கோயில் 1727இல் நிறைவுற்றது. 2013 அக்டோபர் 15 அன்று நேர்ந்த 7.2 அளவு நிலநடுக்கத்தில் அது சிதைந்தது. லொபோக் ஊரின் பழம் கோயிலோ பெரும்பகுதி இடிந்து விழுந்தது. கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி இரண்டையும் மீட்டெழுப்பினார்கள். லொபோக் கோயில் மீண்டும் திறக்கப்பட்டது 2021இல். இடிந்ததைப் பொறுமையாக எடுத்துக்கட்டிய கோயிலின் முன்னே, ஐம்பதாண்டு மணவாழ்வு வாழ்ந்த இருவர் நின்று செபிப்பது பொருத்தமன்றோ? அன்று பிற்பகல் 'சாக்லேட் குன்றுகள்'. ஆயிரத்துக்கு மேற்பட்ட குவி குன்றுகள். கோடையில் புல் காய்ந்து பழுப்பாகும். காட்சிமேடைக்கு 200-க்கு மேற்பட்ட படிகள். பெரியவர் அடியில் அமர்ந்தே பார்க்கலாம். வழியில் 'தார்சியர்' என்னும் கைப்பிடி அளவான, பெருவிழி கொண்ட சிறு விலங்கு. அது இரவில் விழித்துப் பகலில் உறங்குவது. ஓசைக்கும் தொடுதலுக்கும் அஞ்சித் துன்புறும். எனவே அதைத் தொடவிடாது, அமைதியாகத் தொலைவில் நின்று காணச்செய்யும் காப்பிடத்திற்கே செல்லுமாறு கூறினேன். படைப்பைக் காணச் சென்று படைப்பை வருத்துதல் முறையன்று.

புதன், இளையோர்க்குப் பலிகசாக். அதுவும் அன்று காலை படகோட்டி கடலைப் பார்த்துச் சரி என்றால். முதியோர் இருவரும் கரையில். வெள்ளி காலை செபுவுக்குத் திரும்புதல், வெள்ளிக்கிழமை குழந்தை இயேசு பக்திக்குரிய நாளாதலின் பேராலயத்தில் மீண்டும் ஒருமுறை செபம், இரவு அங்கேயே. சனி விமானம்.

வியாழன்? அந்தக் கட்டத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.

"சாமி, வியாழன் விட்டுப்போயிற்று" என்றான் மகன். விட்டுப்போகவில்லை, விட்டிருக்கிறேன் என்றேன். புதனன்று காற்று வலுத்தால் பலிகசாக் வியாழனுக்கு நகரும். எவர்க்கேனும் காய்ச்சல் வந்தால் ஓய்வு வியாழனுக்கு. எதுவும் நேராவிட்டால் அது பொன்விழாக் காணும் இருவருடைய நாள்.

அவன் முகம் தெளியாததைக் கண்டு, செபுவின் தென்முனைக்கருகில் உள்ள சுமிலோன் என்னும் சிறு தீவின் செய்தியைச் சொன்னேன். 1974இல், சில்லிமன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆஞ்சல் அல்காலா என்னும் அறிஞரின் முயற்சியால், அத்தீவின் பவளப்பாறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி மீன்பிடித்தலினின்று விலக்கப்பட்டது. வலை வீசும் இடத்தைக் குறைத்தால் மீன் குறையுமே என்பது எவர்க்கும் தோன்றும் கணக்கு. நிகழ்ந்ததோ வேறு. தொடாது விட்ட இடத்தில் மீன் பெருகி, வெளியே வழிந்து, சுற்றியுள்ள பாறையில் மீனவர் பிடித்தது மிகுந்தது. 1984இல் காவல் குலைந்து அந்தப் பகுதியிலும் வலை வீசினர். அதன்பின் அவர்கள் பிடித்த மொத்தமே குறைந்துபோயிற்று. அருகிலுள்ள அப்போ தீவின் மீனவர்கள் 1982 முதல் தாங்களே ஒரு பகுதியைக் காத்து வருகின்றனர். அதன் பயனை இன்றும் நுகர்கின்றனர்.

"எல்லா இடத்திலும் வலை வீசினவனுக்கு மீன் குறைந்தது, தம்பி" என்றேன். அவன் பேசாதிருந்தான். ஆறு நாள் உழைப்புக்குப்பின் ஏழாம் நாளைத் தொடாது விடச் சொன்னவரின் கட்டளையை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அதை நான் ஒரு துறைமுகத்தின் பூட்டிய வாயிலில் நின்றுதான் கற்றேன். வெறுமையாக விட்ட நாள் வீணான நாளன்று. அது மற்ற நாள்களைத் தாங்கும் நாள். என் பழைய திட்டத்தில் அப்படி ஒரு நாள் இருந்திருப்பின், அன்று அந்தப் பெண் கோயில் வாயிலில் காத்திருக்க நேர்ந்திராது.

கடைசியில் மகன் எழுதுகோலை எடுத்து, வியாழக் கட்டத்தில், "அப்பா அம்மா விருப்பம்" என்று எழுதப்போனான். பெரியவர் அவன் கையைப் பிடித்து, "அதையும் எழுதாதே, தம்பி. அன்றைக்கு விடிந்ததும் உன் அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன்" என்றார். ஐம்பதாண்டு இல்லறத்தின் நாகரிகம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

அன்பு வாசகர்களே, உங்களில் பலர் இக்கோடையில் வேளாங்கண்ணிக்கோ, மலைநாட்டுக்கோ, கடல்கடந்தோ செல்லத் திட்டமிட்டிருப்பீர்கள். செல்லுங்கள், குடும்பமாகச் செல்லுங்கள். திட்டத்தாளை எழுதி முடித்தபின், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதில் ஞாயிறு எது? எங்களுள் மிக மெலிந்தவரால் இந்த வேகத்தில் நடக்க முடியுமா? ஒரு நாள் தவறினால், வீட்டில் நமக்காக வாயிலில் நிற்கப்போகிறவர் யார்?

உபதேசியாரின் மகளுக்கு மூன்றாண்டு கழித்து ஆண்குழந்தை பிறந்தது. திருமுழுக்கை நானே கொடுக்க வேண்டுமென்று அவளே வந்து கேட்டாள். அப்பொழுது நான் ஆண்டுத் தியானத்திற்காக வெளியூரில் இருக்கவேண்டிய வாரம். முந்திய நாள் மாலையே பங்கிற்குத் திரும்பிவிட்டேன். கோயில் வாயிலில் அன்று காத்திருந்தவன் யானே.

இறைவனின் சமாதானம் உங்கள் இல்லங்களிலும் உங்கள் பயணங்களிலும் நிலைபெறுவதாக.

உங்கள் அன்புள்ள
பங்குத் தந்தை